தேனீ தீமில் பேபி ஷவர்: கேட்டவையும் என் பதில்களும்

சொந்தத்திலும் நட்பிலுமாக நிறைய பேபி ஷவர்களுக்கு அலங்காரம் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தேனீ தீம். பிறக்கப்போவது பெண்ணா ஆணா என்று தெரியாவிட்டாலும் இது பொருந்தும். கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மஞ்சளும் கறுப்பும் வைத்து மாதிரி செய்து பார்த்தோம். எச்சரிக்கைப் பலகை மாதிரி கண்ணை உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

உண்மையான தேனீயின் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது பளீர் மஞ்சளாக இருக்காது. தேன் கலந்த பழுப்பு உடம்பு, அதில் அடர்த்தியான பட்டைகள், மார்பில் மென்மையான ரோமம். பளபளவென்று மஞ்சளும் கறுப்புமாக, இடுப்பு ஒட்டி இருப்பது பெரும்பாலும் குளவிதான். அதனால் பின்னணிக்கு வெண்மையோ சந்தன நிறமோ எடுங்கள், அதன்மேல் தேன் நிறமும் இலைப் பச்சையும் வரட்டும். கறுப்பு, தேனீயின் பட்டைக்கும் எழுத்துக்கும் மட்டும் போதும்.

கேள்வி: தேனடை மாதிரி சுவர் அலங்காரம் வீட்டிலேயே செய்ய முடியுமா? எனக்கு வரையக்கூட வராது.

வரைய வரவேண்டியதே இல்லை. காம்பஸ் இருந்தால் போதும். 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸின் அகலத்தை மாற்றாமல் அந்த வட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைத்துப் போனால் சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஆறு புள்ளிகளையும் இணைத்தால் அறுகோணம். கெட்டி அட்டையில் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதைப் பார்த்தே வெட்டலாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால் ஒரு தாளுக்கு ஒன்று தாராளமாக வரும்.

எத்தனை வெட்டுவது? நடுவில் ஒன்று, அதைச் சுற்றி 6 வைத்தால் 7. அடுத்த சுற்றுக்கு 12, மொத்தம் 19. அதற்கடுத்த சுற்றுக்கு 18, மொத்தம் 37. இந்த எண்ணிக்கையில் நிறுத்தினால்தான் அடை முழுமையாகத் தெரியும். 37 அறுகோண அறைக்குச் சுவரில் ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலம் வேண்டும். அறைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி விட்டு ஒட்டுங்கள், வெட்டியதில் கோணல் இருந்தாலும் கண்ணில் படாது.

சுவரை வெறும் அலங்காரமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அறையைக் கொடுத்துக் குழந்தைக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நடு அறை அப்பா அம்மாவுக்கு. ஒரு விழாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் பேனாவை வாங்கத் தயங்கினார். மஞ்சள் மைப் பெட்டியை நீட்டினேன். கட்டைவிரலை ஒற்றித் தாளில் வைத்தார். அந்த ரேகையின் மேல் பேத்தி மூன்று கோடும் இரண்டு ஜோடிச் சிறகும் போட்டாள். அன்றைய சுவரில் எல்லோரும் நின்று பார்த்தது அந்த ஒரு தேனீயைத்தான். இப்போதெல்லாம் மைப் பெட்டி இல்லாமல் நான் போவதே கிடையாது. தாள்களின் பின்னால் எண் போட்டு வைத்தால் பிறகு அதே வரிசையில் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: வருபவர்களுக்குச் சின்னத் தேன் பாட்டில் கொடுக்க நினைக்கிறோம். கைக்குழந்தையோடு வருபவர்களும் உண்டு. பரவாயில்லையா?

கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாட்டிலிலும் ‘ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது’ என்று கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தேனில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை வளர முடியாது. 12 மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிவிடும். தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்சவும் மூச்சு விடவும் முடியாத நிலைக்குக் கொண்டுபோகும். வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்துகள் சாகாது. அதனால் தேன் சேர்த்துச் செய்த கேக்கையும் கைக்குழந்தைக்கு ஊட்டக் கூடாது. நாக்கில் ஒரு சொட்டு, ரப்பர் சூப்பானில் ஒரு தடவல் என்று யார் ஆசைப்பட்டாலும் தடுத்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவரும் பாலூட்டுபவரும் தேன் சாப்பிடுவதால் இந்த நோய் குழந்தைக்கு வராது. அப்புறம், பாட்டிலில் தேன் உறைந்து சர்க்கரை மாதிரி இருந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும்.

கேள்வி: என் தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறது. தேனீ தீம் என்று சொல்லி மேசை முழுக்க இனிப்பு வைத்தால் அவள் முகம் வாடிவிடுமே?

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. தேனும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியதுதான், ‘இயற்கையானது’ என்று விதிவிலக்கு கொடுக்க முடியாது. தேனீயைச் சுவையில் கொண்டுவராமல் வடிவத்தில் கொண்டுவாருங்கள். அறுகோண அச்சில் வெட்டிய சாண்ட்விச், சீஸ், காய்கறித் துண்டுகள் என்று வைக்கலாம். முக்கியமாக, அவள் சாப்பிடக்கூடியதை ஒரு மூலையில் தனித் தட்டாக வைக்காதீர்கள். மேசையின் பெரும்பகுதியே அதுவாக இருக்கட்டும். இனிப்பு ஓரத்துக்குப் போகட்டும்.

கேள்வி: தோட்டத்தில் வைத்தால் நிஜத் தேனீக்கள் வந்துவிடுமா?

இனிப்புப் பானம் இருந்தால் வரும். நான் செய்த ஒரு விழாவில் திறந்து வைத்திருந்த பழச்சாறு ஜாடிக்குள் நான்கைந்து மிதந்தன. அன்றிலிருந்து ஜாடிக்கு மூடி, கண்ணாடி டம்ளர் மட்டும்தான். உள்ளே பூச்சி இருப்பது தெரியாமல் குடித்துவிடலாம் என்பதால் டின் பானம் வேண்டாம். சாப்பாட்டு மேசையைப் பூச்செடிகளிலிருந்து தள்ளிப் போடுங்கள். கொட்டினால் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று அழைக்கும்போதே கேட்டு, இருந்தால் உள்ளேயே நடத்துங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்காமல் உடனே எடுத்துவிடுவதுதான் முக்கியம்.

கேள்வி: அழைப்பிதழ் வாசகம் ஒன்று சொல்லுங்கள் அக்கா. பார்க்கிற இடத்திலெல்லாம் ஆங்கிலச் சிலேடைதான்.

நம் மொழியில் தேனுக்கா பஞ்சம்! ‘எங்கள் கூட்டுக்கு ஒரு குட்டித் தேனீ வருகிறது’ என்று எளிமையாகத் தொடங்கலாம். எனக்கு மனசுக்கு நெருக்கமானது வேறொன்று. கூட்டில் ராணித் தேனீ முட்டையிடுவதோடு சரி. புழுவுக்கு ஊட்டுவது, அறையைச் சுத்தம் செய்வது, சூடு குறையாமல் காப்பது எல்லாம் வேலைக்காரத் தேனீக்கள்தான். அத்தனையும் பெண்கள். வயதில் இளையவை செவிலிகளாக இருந்து, பிறகுதான் வெளியே தேன் தேடப் போகும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 21 நாள். அதுவரை அதைப் பார்த்துக்கொள்வது ஒருத்தி இல்லை, பல பேர். அதனால் நான் எழுதிக் கொடுப்பது: ‘செவிலித் தேனீக்களே, எல்லோரும் வந்து சேருங்கள்.’ இதைப் படித்துவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு எந்த வாரம் யார் வந்து துணைக்கு இருப்பது என்று அங்கேயே பட்டியல் போட்ட தோழிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எந்த மாதத்தில் வைப்பது நல்லது?

ஏழாவது, எட்டாவது மாதம் வசதி. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாக வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவருக்குத் தாழ்ந்த சோபா வேண்டாம், கை வைத்த நேரான நாற்காலி போடுங்கள்.

கேள்வி: விளையாட்டு?

தேனீ பற்றிச் சரியா தவறா கேளுங்கள். ‘தேனீக்கு ஐந்து கண்’ என்றால் பாதிப் பேர் தவறு என்பார்கள், சரிதான். வயிற்றை ரிப்பனால் அளக்கும் விளையாட்டை மட்டும் நான் வைப்பதில்லை. பலருக்கு அது கூச்சம்.

கேள்வி: எல்லாம் முடிவு செய்துவிட்டோம். இப்போதுதான் தெரிகிறது, என் தோழிக்குப் பூச்சி என்றாலே பயமாம்.

தேனீயை எடுத்துவிடுங்கள், மீதி எல்லாம் இருக்கட்டும். அறுகோணச் சுவர், தேன் நிறத் துணி, மரக் கரண்டி, நிறையப் பூ. பூ வாசனை சிலருக்குக் குமட்டும், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். வாசனை அதிகம் இல்லாத சூரியகாந்தி இதற்கு நன்றாகப் பொருந்தும். முதல் நாள் இரவே தண்டை நுனியில் சாய்வாக வெட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள், காலையில் நிமிர்ந்து நிற்கும்.