ரிசர்ச் லேப்ல வாலன்டியரா போனா ஜெராக்ஸ் வேலைதானா?

கேள்வி: சென்னைல பி.எஸ்ஸி பயோடெக் செகண்ட் இயர் படிக்கிறேன். ஒரு டீம்டு யுனிவர்சிட்டி ஹாஸ்பிடலோட கிளினிக்கல் ரிசர்ச் லேப்ல சம்பளம் இல்லாம வாலன்டியரா சேரலாம்னு இருக்கேன். சீனியர்ஸ் எல்லாம் ஜெராக்ஸ்தான் எடுக்க விடுவாங்கன்னு பயமுறுத்துறாங்க. பேஷண்ட் கூட வேலை கிடைக்குமா, பேப்பர்ல பேர் வருமா?

பதில்: தம்பி, சீனியர்ஸ் சொன்னது பாதி உண்மை. மொத மூணு மாசம் ஃபைல் அடுக்குறது, ஃபாலோஅப்புக்கு வரவேண்டியவங்களுக்கு போன் போட்டு ஞாபகப்படுத்துறது, ஃபார்ம்ல இருக்கிறத கம்ப்யூட்டர்ல ஏத்துறது, இதான் வரும். அலட்சியமா மட்டும் பண்ணிடாதீங்க. நான் சேர்ந்த ரெண்டாவது வாரம் பிபி 130ன்னு எழுத வேண்டிய இடத்துல 180ன்னு எழுதிட்டு, பதறிப்போய் வைட்னர் தடவி மேல சரியா எழுதி வச்சேன், யாருக்கும் தெரியாதுன்னு நெனப்பு வேற. ஆடிட்டுக்கு வந்த மானிட்டர், அதாவது ரெக்கார்டெல்லாம் சரியா இருக்கான்னு செக் பண்றவங்க, அந்தப் பக்கத்த ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுட்டு எங்க கோஆர்டினேட்டர் அக்காவ ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, இன்னைக்கும் வைட்னர் வாசனை அடிச்சா வயித்தக் கலக்கும். தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு, அடியில இருக்கிறது படிக்க முடியணும், பக்கத்துல சரியான நம்பர், இனிஷியல், தேதி. தேதின்னா திருத்துற அன்னைக்குத் தேதி, பழைய தேதி போடவே கூடாது.

பேஷண்ட் வேலை கிடைக்கும், ஆனா உடனே கிடைக்காது. ஜிசிபி (குட் கிளினிக்கல் பிராக்டிஸ், மனுஷங்கள வச்சு ஆராய்ச்சி பண்றதுக்கான விதிமுறைகள்) ட்ரெய்னிங் முடிக்கணும், அப்புறம் டெலிகேஷன் லாக்னு ஒண்ணு இருக்கு, யார் எந்த வேலை செய்யலாம்னு பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டர் கையெழுத்து போட்டு வைக்கிற லிஸ்ட், அதுல உங்க பேர் இருக்கணும். மொத நாளே கன்சென்ட் ஃபார்ம கைல குடுத்து "போய் சைன் வாங்கிட்டு வாப்பா"ன்னு சொல்ற லேப்னா அங்க சேராதீங்க. ஆராய்ச்சி என்ன, ரிஸ்க் என்ன, வேண்டாம்னா எப்ப வேணா விலகிக்கலாம், விலகினாலும் ட்ரீட்மென்ட் நிக்காது, இதெல்லாம் பொறுமையா புரியவைக்கத் தெரிஞ்சவங்கதான் கன்சென்ட் வாங்கணும். உங்க தெரு ஆளே பேஷண்டா வந்து உக்காந்திருப்பாரு, வீட்ல கூட வாய் திறக்கக் கூடாது, ஃபைல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறதெல்லாம் நெனச்சே பாக்காதீங்க.

பேப்பர்ல பேர்? டேட்டா ஏத்துனதுக்கு மட்டும் ஆத்தர்ஷிப் வராது, நன்றி சொல்ற பகுதில பேர் போடுவாங்க. கட்டுரை எழுதுறதுலயோ திருத்துறதுலயோ பங்கு இருந்து, ஃபைனல் வெர்ஷன படிச்சு ஒப்புதல் குடுத்து, அதுக்குப் பொறுப்பும் ஏத்துக்கிட்டாதான் ஆத்தர். 1979ல இருந்து ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நடத்துற எஸ்டிஎஸ்ங்கிற ஷார்ட் டேர்ம் ஸ்டூடன்ட்ஷிப் ஸ்காலர்ஷிப்புக்கு போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, அது எம்பிபிஎஸ், பிடிஎஸ் பசங்களுக்கு, உங்களுக்கு வராது.

ரத்த சாம்பிள் பக்கம் போற மாதிரி இருந்தா ஹெபடைடிஸ் பி ஊசி இப்பவே ஆரம்பிச்சுடுங்க, 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், முடியவே அரை வருஷம் ஆகும். சர்டிஃபிகேட்டுக்கு உங்ககிட்டயே காசு கேட்டா அது ட்யூஷன் சென்டர், லேப் இல்ல.

மெயில் போடும்போது ஒரே லெட்டர இருபது டாக்டருக்கு அனுப்பாதீங்க. அவங்க இப்ப என்ன ஸ்டடி பண்றாங்கன்னு இந்தியாவுல நடக்குற கிளினிக்கல் ட்ரையல்கள பதிவு பண்ற சிடிஆர்ஐ வெப்சைட்லயே தேடலாம், அத படிச்சுட்டு ரெண்டு வரி எழுதுங்க, வாரத்துல எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் வர முடியும்னும் போடுங்க. செமஸ்டர் எக்ஸாமுக்கு லீவு வேணும்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க, பாதில காணாமப் போன பசங்களால நொந்து போயிருக்கிற டாக்டருங்க நிறைய பேர்.