திறப்பைத் தினமும் தேடுகிறேன், எனக்கும் மறதி நோயா?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன். வயது 47. வீட்டுத் திறப்பை வைத்த இடம் தெரியாமல் தினமும் தேடுகிறேன். குசினிக்குள் போனதும் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். போன கிழமை கறன்ட் பில் கட்டவென்றே திருகோணமலை ரவுணுக்குப் போய், மரக்கறி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் தொடங்கிவிட்டதா?

பதில்: அம்மாவை அந்த நிலையில் பார்த்தவருக்கு ஒவ்வொரு சின்ன மறதியும் நெஞ்சைப் பதறவைக்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் மூன்று விதமான மறதிகள். மூன்றும் நல்ல சுகதேகிகளுக்கும் வருபவை.

திறப்பை எடுத்துக்கொள்வோம். கையில் பை, போன் வேறு அடிக்கிறது, திறப்பை எங்கோ போடுகிறீர்கள். கவனம் அங்கே இல்லாததால் அந்த இடம் மனதில் பதியவே இல்லை. பதியாததை எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. அரைகுறையாகப் பதிந்தாலும் நேற்று வைத்த இடம், முந்தாநாள் வைத்த இடம் எல்லாம் அதோடு கலந்து குழப்பும். கதவோரம் ஓர் ஆணி அடித்து, திறப்புக்கு அதுதான் இடம் என்று பழக்கிவிடுங்கள்.

குசினியில் நடப்பது வேறு. நிலாவெளிக் கடலில் சுழியோடிகளைப் பார்த்திருப்பீர்கள். 1975இல் கொடன், பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் பிரித்தானியாவில் சுழியோடிகளைத் தண்ணீருக்கடியிலும் கரையிலும் சொற்களைப் படிக்கவைத்தார்கள். தண்ணீருக்குள் படித்தவை தண்ணீருக்குள்ளேயும், கரையில் படித்தவை கரையிலேயும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. 2021இல் வெளியான மறுசோதனையில் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பொருத்தமான துப்புக் கிடைத்தால் ஞாபகம் வரும் என்ற அடிப்படை பலமானது. 1966இல் டல்விங், பேர்ள்ஸ்ரோன் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், சொற்களை மறந்துவிட்டதாகத் தோன்றியவர்களுக்கு அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று தலைப்பை மட்டும் கொடுத்தார்கள். உடனே இன்னும் பல சொற்கள் வந்து விழுந்தன. அவை எங்கும் போகவில்லை, எட்டிப் பிடிக்க ஒரு துப்புத்தான் இல்லாதிருந்தது.

உங்களுக்கும் அப்படித்தான். முன்அறையில் உடுப்பு மடிக்கும்போது 'கத்தரிக்கோல் வேணும்' என்று நினைக்கிறீர்கள். குசினிக்குள் கண்ணில் படுவது அடுப்பும் பானையும். அவை கத்தரிக்கோலை ஞாபகப்படுத்தாது. அங்கே நின்று மண்டையைப் போட்டு உடைக்காமல், மடித்த உடுப்புக் கிடக்கும் இடத்துக்கே திரும்பிப் போங்கள். அநேகமாக வந்துவிடும். அடுத்த முறை எழும்பும்போதே வாய்விட்டு ஒருதரம் சொல்லிக்கொண்டு போங்கள்.

சரி, பில்லுக்கு வருவோம். இனிச் செய்யவேண்டியதை நினைவில் வைப்பது தனி வேலை. உரிய நேரத்தில் அதை ஞாபகப்படுத்த அங்கே யாரும் இருப்பதில்லை. 'நாளைக்குக் கட்டுவேன்' என்று எண்ணுவதைவிட, 'பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் பில், அப்புறம்தான் மரக்கறி' என்று இடத்தோடு முடிச்சுப் போட்டு முடிவெடுப்பது நன்றாக வேலை செய்கிறது. பில்லைக் காசோடு சேர்த்தே மடித்து வையுங்கள். மரக்கறிக்குக் காசு எடுக்கும்போது அது கையில் தட்டுப்படும்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்? பழகிய பாதையில் வழி தவறினால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், திறப்பு எதற்கென்றே விளங்காமல் போனால், நீங்கள் உணராத மாற்றத்தை வீட்டார் கவனித்தால் தாமதிக்க வேண்டாம். இவை இல்லாவிட்டாலும் மறதி கூடிக்கொண்டே போனால் ஒருமுறை காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குறைவு, சில நித்திரைக் குளிசைகள் ஆகியனவும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு.

முதுமையில் வந்த மறதி நோய் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து சற்றுக் கூடும், கட்டாயம் வரும் என்றில்லை. அம்மாவுக்கு 65 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் மட்டும் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களைப் பரிசோதிக்கும் விதம் அதற்கேற்ப மாறும்.