மாமா வாங்கிய வேன் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் கொடைக்கானல் மலையில் பூம்பாறை. கோவையில் எம்.பி.ஏ. படிக்கிறேன். விமான நிறுவனங்களின் போட்டி உத்திகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். டி.வி., சாப்பாடு என்று ராஜ உபசாரம் செய்த கிங்ஃபிஷர் போய்விட்டது, ஜெட் ஏர்வேஸும் போய்விட்டது. தண்ணீரைத் தவிர எல்லாவற்றுக்கும் காசு கேட்கிற இண்டிகோ ஜெயித்துவிட்டது. இந்தியர்கள் கஞ்சர்கள், தரத்துக்குக் காசு தரமாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரியா? கொடைக்கானலில் விமான நிலையம் வந்தால் நம் பகுதி முன்னேறுமா?

க., பூம்பாறை

அன்புள்ள தம்பி,

கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘உத்தி’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. பத்தை எடுத்துவிடுங்கள், ப்ராஜெக்ட் தானாகத் தேறும். விமான நிலையம் வேண்டாம். சீசனில் வருகிற கார்களை நிறுத்தவே மலையில் இடமில்லை.

‘கஞ்சர்கள்’ என்று எழுதினீர்களே, அதுதான் கோபம் வந்த இடம். உங்கள் ஊரில் பூண்டு போடாத வீடு குறைவு. வடுகபட்டிச் சந்தையில் கிலோவுக்குப் பத்து ரூபாய்க்காக உங்கள் அப்பா அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பாரே, அவர் கஞ்சரா? விலை படியவில்லையென்றால் பூண்டைத் திருப்பிக் கொண்டுவந்து புகைமூட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார். மாதக்கணக்கில் கெடாது. விமானத்தின் இருக்கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கதவைச் சாத்திவிட்டால் காலி இருக்கைக்குப் பைசா தேறாது. அதனால் விலையைக் குறைத்து ஆள் பிடிக்கிறார்கள். அவசரம் விற்கிறவனுக்கு. வாங்குகிறவன் கணக்குப் பார்க்கிறான், அவ்வளவுதான். அப்பா அனுப்புகிற காசில் படித்துக்கொண்டு அவரைப் போன்றவர்களைக் கஞ்சர் என்று எழுத எப்படித்தான் கை வந்ததோ.

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 2025 நவம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையாயின. இண்டிகோ சமாளிக்க முடியாமல் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிக்கெட் விலை எகிறி, கடைசியில் அரசே உச்சவரம்பு போட்டது. உள்நாட்டில் பறக்கிறவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் வேறென்ன நடக்கும்? ‘மற்ற கம்பெனிகள் எல்லாம் எங்கே?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு என் மாமா ஞாபகம் வந்தது.

மாமா பண்ணைக்காட்டுக்காரர். 1980களின் தொடக்கத்தில் இரண்டு ஜீப் வைத்து வத்தலக்குண்டுக்கு ஓட்டினார். இறங்கும்போது மலைவாழைத் தார், ஏறும்போது அரிசியும் மண்ணெண்ணெயும், இடுக்கில் ஆட்கள். நான் வத்தலக்குண்டில் பாட்டி வீட்டிலிருந்து ஆறாவது படித்தேன். பாட்டி கட்டித்தருகிற சோற்றை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. மாமா இறங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் தார் இறங்கும், அந்தப் பக்கம் மூட்டை ஏறும், அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். “வண்டி நின்னா வட்டி ஓடும் பாப்பா” என்பார்.

அதே தடத்தில் இன்னொருவர் புது வேன் விட்டார். மெத்தை சீட்டு, டேப் ரெக்கார்டர், சாமி படத்துக்குச் சீரியல் விளக்கு. ஆனால் ஆள் நிறையட்டும் என்று ஸ்டாண்டிலேயே கிடப்பார். அவர் இரண்டு நடை முடிப்பதற்குள் மாமாவின் ஜீப் மூன்று நடை போய்விடும். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் செய்ததும் இதுதான். 1971ல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கிய கம்பெனி அது. கையில் காசில்லாமல் அடுத்த ஆண்டே நான்கு விமானங்களில் ஒன்றை விற்றார்கள். நான்குக்குப் போட்ட அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டினார்கள். இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள்.

ஒன்றரை வருஷத்தில் வேன்காரருக்குத் தவணை கட்ட முடியவில்லை. மாமா ஜெயித்துவிட்டார். அங்கேயே நின்றிருக்கலாம். போய் அந்த வேனை வாங்கினார்.

தம்பி, 2007 என்ற ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் மூன்று கல்யாணம். ஜெட், 1,450 கோடி ரூபாய் கொடுத்து ஏர் சஹாராவை வாங்கியது. கிங்ஃபிஷர், கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானுக்குள் பங்கு வாங்கி நுழைந்தது. அரசு, பெரும்பாலும் போயிங்காக வைத்திருந்த ஏர் இந்தியாவையும் பெரும்பாலும் ஏர்பஸ்ஸாக வைத்திருந்த இந்தியன் ஏர்லைன்ஸையும் முடிச்சுப் போட்டது. கிங்ஃபிஷரின் கணக்குதான் வேடிக்கை. வெளிநாடு பறக்க ஐந்து வருஷ அனுபவமும் இருபது விமானமும் வேண்டும் என்பது அன்றைய விதி. 2005ல் பிறந்த கிங்ஃபிஷருக்கு வயது பத்தாது. டெக்கான் 2003ல் பிறந்தது. பர்மிட்டுக்காக ஓட்டை பஸ்ஸை வாங்குவார்களே, அதே கதை. 2008 செப்டம்பரில் லண்டனுக்குப் பறந்தார்கள். அந்த ஜூலையில்தான் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டிருந்தது. 2012 அக்டோபரில் எல்லாம் நின்றது. ஜெட் 2019 ஏப்ரல் வரை தள்ளியது. கடன், எண்ணெய் விலை, நிர்வாகம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் 2006ல் வந்த இண்டிகோ இன்றுவரை எந்தப் போட்டியாளரையும் வாங்கவில்லை. அதை ஏன் உங்கள் ப்ராஜெக்டில் யாரும் கேட்கவில்லை? ஏர் இந்தியாவைப் பிறகு அரசிடமிருந்து வாங்கிய டாடா, 2024ல் விஸ்தாரா என்ற தங்கள் இன்னொரு விமான நிறுவனத்தை அதோடு சேர்த்திருக்கிறார்கள். அவர்களிடம் காசு இருக்கிறது, மாமாவிடம் இல்லை.

வேனின் சாமான் ஜீப்புக்குச் சேராது. ஜீப் மெக்கானிக் வேனைத் தொடமாட்டார். வேனில் ஏறுகிறவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஜீப் கட்டணம்தான் கொடுப்போம் என்றார்கள். வேன் தவணைக்காக முதலில் ஒரு ஜீப் போனது, பிறகு மற்றதும் போனது. கடைசியில் வேனை அத்தை பழைய இரும்புக்குப் போட்டு ஒரு கிரைண்டர் வாங்கினார். சீட்டில் ஒன்றை மட்டும் மாமா தரவில்லை. திண்ணையில் போட்டு, சாகும்வரை அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார். நானும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மெத்தைதான்.