காட்டுத்தீப் புகையில் உள்ள 'நுண்துகள்' என்றால் என்ன?

விறகும் சருகும் அரைகுறையாக எரியும்போது கிளம்பும், 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய தூள்தான் நுண்துகள். தலைமயிர்த் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மா அரிக்கும்போது கப்பி அரிதட்டில் தங்கும், மா கீழே விழும் அல்லவா? மூக்கும் அப்படித்தான். புழுதியைப் பிடிக்கும், இதை விட்டுவிடும். இது நுரையீரலின் அடிவரை போகும்.

வன்னியில் கச்சான் காற்றோடு பற்றைக்காடு எரிந்தால், யன்னல்களை மூடி, கதவின் கீழ் இடைவெளியில் ஈரச்சாக்கை நெருக்குங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி உள்ள வீட்டில், இடைவெளி குறைந்த அறையில் படுங்கள். விறகடுப்பு, நுளம்புத்திரி, சாம்பிராணி எல்லாம் அதே துகள்தான்; பலர் இதை மறக்கிறார்கள். வெளியே போவதானால் என்95 முகக்கவசம், ஓரம் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் இடுக்கால் புகை புகும்.

ஈரத்துணி கட்டினால் போதும் என்பது தவறு: அது சாம்பலை மறிக்கும், நுண்துகளை மறிக்காது.