பாரம் ஏற்றினால் நின்றுபோகும் பழைய டீசல் கெப்: பம்பைக் கழற்றுமுன் எதைப் பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓடும் 1994 டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, "3எல்" என்ற வகை 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். காலையில் ஐந்தாறு தரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. வெறும் வாகனமாக ஓடினால் குறையில்லை. நெல் மூட்டை ஏற்றி அரை மணித்தியாலம் ஓடியதும் இழுப்பு விட்டு மெல்ல மெல்ல அணைகிறது. பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் திரும்ப ஓடுகிறது. பில்டர் புதிது. கராஜில் இன்ஜெக்டர் பம்பை, அதாவது டீசலை அழுத்தி நொசில்களுக்கு அனுப்பும் பம்பை, கழற்றிச் செய்யச் சொல்கிறார்கள்.

இப்போதைக்குப் பம்பைத் தொடவேண்டாம். தேய்ந்த பம்பின் குணம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காலைக் குளிரில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், சூடேறி நிறுத்தினால்தான் அடம்பிடிக்கும். சூட்டில் டீசல் இளகி, பம்புக்குள் டீசலைத் தள்ளும் தேய்ந்த பிளஞ்சரைச் சுற்றிக் கசிந்துவிடுவதே காரணம். பம்பின் மேல் ஈரத் துணி போட்டு ஆறவைத்தால் ஸ்டார்ட் ஆகிறதென்றால் பம்பைச் சந்தேகிக்கலாம். உங்கள் வாகனம் அப்படியல்ல. காலையில் சுணங்குவது எங்கேயோ எயார் இழுப்பதைக் காட்டுகிறது. பாரத்தில் அணைந்து, ஓய்ந்தபின் ஓடுவது அடைப்பைக் காட்டுகிறது. இரண்டு குறையும் டீசல் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில்தான் தேடவேண்டியவை.

இந்த எஞ்சினில் தாங்கிக்குள் மின்பம்பு கிடையாது. இன்ஜெக்டர் பம்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேன் பம்புதான் (தகடுகள் சுழன்று உறிஞ்சும் பம்பு) தாங்கியிலிருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆக, அந்தப் பாதை முழுவதும் உறிஞ்சும் பாதை. ஓட்டையிருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கீறல் விழுந்த ஸ்ட்ரோவால் குரும்பைத் தண்ணீர் குடிப்பது மாதிரி. "ஒரு சொட்டும் ஒழுகவில்லையே" என்று குழாய்களை நல்லதென்று விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. இரவு முழுக்க அந்தக் கீறலால் காற்றுப் புகுந்து டீசல் தாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் பம்பு முதலில் காற்றைத்தான் இழுக்கும்.

முதலில் புகையைப் பாருங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது. அப்போது ஹீட்டர் பிளக்கையும் கொம்பிரஷனையும் பார்க்கவேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. ஓட்டத்தில் இழுப்பு விடும்போது கரும்புகை வந்தால் எயார் கிளீனரைத் திறந்து பாருங்கள், நெல்லுத் தூசி அடைத்திருக்கலாம். புகையில்லாமல் இழுப்பு விட்டால் டீசல் பட்டினி.

அணையும் விதத்தையும் கவனியுங்கள். சுவிட்சை நிறுத்தியதுபோல் சட்டென்று அணைந்தால் பம்பின் மேலுள்ள கட்-ஓஃப் சொலனோயிட்டின் (கரண்டில் டீசலைத் திறந்து மூடும் வால்வு) வயரைப் பாருங்கள். திறப்பைப் போடும்போது "டிக்" என்று சத்தம் வரவேண்டும், டெஸ்டர் பல்ப் எரியவேண்டும். கடற்காற்றில் அந்த டேர்மினல் பச்சை பூத்துவிடும். உங்களுடையது மெல்ல அணைவதால் இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

அடுத்தது சல்லி செலவில்லாத சோதனை. இழுப்பு விடும் நேரம் வண்டியை ஓரங்கட்டி, தாங்கி மூடியைத் திறவுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே எஞ்சின் தெளிந்தால் காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. மூடி தொலைந்து, சொப்பிங் பேக் கட்டி ரப்பர் பட்டி போட்ட தாங்கிகளில் இது கட்டாயம் வரும்.

பிறகு கைப்பம்பு. பில்டருக்கு மேலுள்ள குமிழை அமுக்குங்கள். இருபது முப்பது அமுக்கில் இறுகி, இறுக்கம் நிற்கவேண்டும். எத்தனை அமுக்கினாலும் இறுகாவிட்டால் காற்று இழுக்கிறது, அல்லது கைப்பம்பின் ரப்பர் டயஃப்ரம் வெடித்திருக்கிறது. அமுக்கிய குமிழ் மேலே எழும்பாமல் கீழேயே ஒட்டிக்கிடந்தால் தாங்கிப் பக்கம் அடைப்பு.

காற்றைக் கண்ணால் பார்க்க, பில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி, அதே உள்ளளவில் ஓரடி நீளமான கண்ணாடி ஹோஸ் பூட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது நிற்காமல் குமிழிகள் வந்தால், அங்கிருந்து பின்னோக்கித் தேடுங்கள். பில்டர் அண்மையில் மாற்றியதால் அதுதான் முதல் சந்தேகம். பழைய ரப்பர் வளையம் மேல் தலையில் ஒட்டிக்கிடக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால் ஒருபோதும் சரியாக இறுகாது. பில்டருக்குக் கீழே தண்ணீர் சென்சர் இருந்தால் அதைப் பழைய பில்டரிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டியிருப்பார்கள், ஆனால் அதன் ஓ-ரிங்கை மாற்றியிருக்கமாட்டார்கள். மறுகா கிளிப்புக்குக் கீழுள்ள ஹோஸ் நுனிகள். கடைசியில் சசியோடு போகும் இரும்புக் குழாய். குழாயைப் பிடிக்கும் கவ்விக்குள் வயல் சேறு தங்கி, அந்த இடத்தில்தான் துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, கவ்வியைக் கழற்றவேண்டும். கண்ணாடி ஹோஸ் சோதனைக்கு மட்டும்தான். சாதாரண பிவிசி டீசலிலும் சூட்டிலும் நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால், குறையை இரண்டாக வெட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. கராஜ் பாஸ் முன்னாலேயே செய்யுங்கள், பம்பு பற்றிய வாக்குவாதம் அதோடு முடியும். 5 லீற்றர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சின் பக்கத்தில் பம்பைவிட உயரமாக, எக்ஸோஸ்டுக்குத் தூரமாகக் கட்டுங்கள். பம்பின் உள்வாய்க்கு அதிலிருந்தே ஹோஸ் கொடுங்கள். திரும்பி வரும் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். கேனின் வாயில் காற்றுப் போக இடம் இருக்கவேண்டும். இப்போது மூட்டைகளோடு ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடுங்கள். நன்றாக இழுத்தால் பம்பும் நொசில்களும் சுகம். பின்னர் கேனை பில்டருக்கு முன்னால் பூட்டி ஓடுங்கள். அங்கேயும் இழுத்தால் மிச்சமிருப்பது தாங்கியும் அதன் குழாயும்தான். கேனில் ஓடியும் இழுக்காவிட்டால் மட்டும் பம்புக்குப் போகலாம்.

உங்கள் அறிகுறிக்குத் தாங்கியில்தான் முடியும் என்பது என் கணிப்பு. துருச் செதிலும் சளிபோன்ற கறுப்புப் பாசியும் தாங்கியின் அடியில் கிடக்கும். பாரத்தில் பம்பு அதிகம் உறிஞ்சும்போது அவை உறிஞ்சு குழாயின் நுனிச் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் இல்லாமல் கழன்று கீழே விழும். அதுதான் அந்தப் பத்து நிமிட அதிசயம். 2022 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் பரல்களில் வைத்திருந்த டீசலை ஊற்றிய வாகனமென்றால் சந்தேகம் இன்னும் கூடும். தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில்தான் அந்தப் பாசி வளரும்.

உறுதிசெய்ய, தாங்கியின் அடி நட்டைக் கழற்றி ஒரு லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மாரி வெள்ளத்தில் தாங்கி மூழ்கும் அளவுக்கு ஓடிய வாகனமென்றால் இதைத்தான் முதலில் செய்யவேண்டும். தண்ணீர் கண்டால் ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம், பம்பின் உள்ளுறுப்புகள் அதில் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு பில்டரின் உள்வாய் ஹோஸைக் கழற்றி, மூடியைத் திறந்துவைத்து, ரயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பால் தாங்கிப் பக்கம் மெல்ல ஊதுங்கள். "குளுகுளு" என்று கேட்கவேண்டும். ஊதியதும் ஒரு வாரம் நன்றாக ஓடிப் பிறகு பழையபடி வந்தால், தாங்கியை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. துருவைக் கண்டு உடனே வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். டீசல் தாங்கியும் வெடிக்கும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் எயார் எடுக்கும் முறை: பம்பின் உள்வாய் பன்ஜோ போல்ட்டை (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) ஒரு சுற்றுத் தளர்த்தி, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அமுக்கி இறுக்குங்கள். கொப்பர் வொஷர் புதிதாக இருக்கட்டும். பிறகு நான்கு நொசில் குழாய் நட்டுகளையும் 17 ஸ்பெனரால் தளர்த்தி, அக்சிலேட்டரை முழுதாக மிதித்து, பத்து விநாடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டரை அடியுங்கள். அரை நிமிடம் ஆறவிட்டு மீண்டும் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் புகும்.

பம்பைக் கழற்றிப் பூட்டிய வாகனமென்றால் இன்னொன்றும் பாருங்கள். திரும்பும் குழாயின் போல்ட்டில் "அவுட்" என்ற ஆங்கிலச் சொல் பொறித்திருக்கும், அதற்குள் நுண்ணிய துளை மட்டுமே உண்டு. அதை உள்வாய்க்கு மாற்றிப் பூட்டினால் புதுப் பம்பும் இழுக்காது. மண்ணெண்ணெய் கலந்து ஓடுகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. இந்தப் பம்புக்குத் தனி எண்ணெய் கிடையாது, டீசலே அதன் உயவு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு.

தாங்கி கழுவியபின் முதல் 1000 கிலோமீற்றரில் பில்டரை மீண்டும் மாற்றுங்கள். குழாயில் ஒட்டியிருந்த மிச்சம் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.