பேபாஸ் நியூவில் தமிழ் வரி மட்டும் மெலிந்து வருவது ஏன்?

கடைப் பலகையில் மேலே ஆங்கிலப் பெயரையும் கீழே தமிழ்ப் பெயரையும் பேபாஸ் நியூ என்ற எழுத்துருவில் வைத்தால், தமிழ் வரி மட்டும் ஏன் மெலிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஆங்கிலத்திலும் பெரிய எழுத்து மட்டும்தான். "கோத்தகிரி தேயிலை நிலையம்" என்று நீங்கள் அடித்ததும் கணினி தன்னிடம் இருந்த வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டிருக்கும். அதனால்தான் மேல் வரி தடியாகவும் கீழ் வரி நோஞ்சானாகவும் நிற்கிறது. ஆன்டன், ஆஸ்வால்ட், இம்பாக்ட் என்று எந்த ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினாலும் இதே கதைதான்.

அனெக் தமிழ் என்ற எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அகலம் 75 முதல் 125 வரை, தடிமன் 100 முதல் 800 வரை மாற்றலாம். அகலம் 75, தடிமன் 700 வைத்துத் தொடங்குங்கள். பலகையில் இடம் ரொம்பவே குறைவென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், அது 62.5 வரை ஒடுங்கும்.

சாதாரண எழுத்துருவைப் பக்கவாட்டில் நசுக்கி ஒடுக்க வேண்டாம். நெட்டுக்கோடுகள் மெலியும், படுக்கைக்கோடுகள் அப்படியே இருக்கும். பார்க்கவே சகிக்காது.

சோதனை: அந்த வரியை 3 செ.மீ. உயரத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, 10 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். 30 செ.மீ. எழுத்தை 100 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். உங்கள் பெயரில் "லை" இரண்டு முறை வருகிறது. அதன் சுழிகள் அடைபட்டுத் தெரிந்தால் தடிமனைக் குறையுங்கள்.

பின்னால் விளக்கு போடும் பலகை என்றால் தடிமன் 600 போதும், எழுத்திடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். கோத்தகிரி மூடுபனியில் ஒளி கசிந்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் தெரியும்.

ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்புமுன் எழுத்தைக் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கணினியில் "தே"யின் கொம்பு இடம் மாறிப்போகலாம்.