தள்ளிப்போடும் வேலைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதும் நிலையில் இருக்கிறேன். களப்பணி முடிந்து ஓராண்டு ஆகிவிட்டது. நாள்தோறும் கணினியின் முன் அமர்கிறேன். மேற்கோள் பட்டியலைச் சீர்செய்கிறேன், புதிய கட்டுரைகளைத் தரவிறக்கிச் சேர்க்கிறேன். மூன்றாம் இயலின் முதல் வரியை மட்டும் எழுத முடியவில்லை. நெறியாளர் கேட்டால், எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறேன். நான் சோம்பேறியா?
— ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: இல்லை. சோம்பல் உள்ளவர் மேற்கோள் பட்டியலைச் சீர்செய்துகொண்டிருக்க மாட்டார். நீங்கள் நாள் முழுவதும் உழைக்கிறீர்கள். எழுத வேண்டிய அந்த ஓரிடத்தை மட்டும் தொடாமல், அதைச் சுற்றியே உழைக்கிறீர்கள். தள்ளிப்போடும் பழக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் உளவியலாளர்களான ஃபுஷியா சிருவாவும் டிமோத்தி பிச்சிலும் 2013இல் எழுதிய கட்டுரையில், நேரத்தைத் திட்டமிடத் தெரியாமையைவிட, மனத்தில் எழும் கசப்பை அப்போதைக்குத் தணித்துக்கொள்ளும் முயற்சியே இதற்கு முதன்மையான காரணம் என்று வாதிட்டார்கள். எழுதத் தொடங்கும் கணத்தில் 'இது தேறாது' என்ற அச்சம் எழுகிறது. வேறு வேலைக்குத் திரும்பியவுடன் அது தணிகிறது. அப்படிக் கிடைக்கும் சிறு ஆறுதலே மறுநாளும் உங்களை அதே வழியில் அழைத்துப்போகிறது. ஆகவே புதிய கால அட்டவணை ஒன்றைப் போடுவதால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது என்றே கருதுகிறேன். தொடங்கும் கணத்தில் எதிர்கொள்ள வேண்டியதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

'மூன்றாம் இயல்' என்பது பல வாரங்களில் முடியக்கூடிய பல வேலைகளுக்கு இட்ட பொதுப்பெயர். அதை யாராலும் ஒரு காலைப்பொழுதில் தொடங்க முடியாது. களக்குறிப்பேட்டை எடுத்து, உங்களுக்கு நன்கு விளங்கிய ஓர் அட்டவணையைத் தேர்ந்துகொண்டு, அது காட்டுவது என்ன என்பதைத் தோழி ஒருத்திக்குச் சொல்வதைப்போல மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். இதைத் தொடங்க முடியும். இயலின் முதல் வரியிலிருந்துதான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. முன்னுரையைக் கடைசியில் எழுதுவதே பெரும்பாலும் நல்லது, ஏனெனில் எதற்கு முன்னுரை என்பது அப்போதுதான் தெரியும். எழுதும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் கண்டிப்பாகப் பிரித்துவையுங்கள்.

பதினைந்து நிமிடம் எழுதினால் போதும் என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கை உண்மையாகவே காப்பாற்றுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பதினைந்து நிமிடம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டு, எழுத்து ஓடத் தொடங்கியதும் மூன்று மணி நேரம் தம்மைப் பிழிந்துகொள்கிறார்கள். மறுநாள் அதே பதினைந்து நிமிடத்தை மனம் நம்ப மறுக்கிறது. விருப்பம் இருந்தால் தொடரலாம், ஆனால் எழுந்துவிடும் உரிமை மெய்யாகவே இருக்க வேண்டும். எழும்போது, அடுத்து எழுதவேண்டிய வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டு, அது எங்கே போகிறது என்பதை ஒரு வரியில் குறித்துவையுங்கள். பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் பயின்ற மரியா ஒவ்சியாங்கினா, 1928இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர்கள் மீண்டும் எடுத்துக்கொள்ள முனைவதைக் காட்டினார். அவருடைய சக மாணவி ப்ளூமா சைகார்னிக், முடியாத வேலை நினைவில் கூடுதலாகத் தங்குகிறது என்று 1927இல் சொன்னதுதான் அதிகப் புகழ்பெற்றது. பிற்காலச் சோதனைகளில் அது உறுதியாக நிலைபெறவில்லை. உங்களுக்குப் பயன்படுவது ஒவ்சியாங்கினாவின் முடிவே.

இன்னொன்று, நெறியாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'தொடங்க முடியாமல் இருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பக்கம் கொண்டுவருகிறேன், அது திருத்தப்படாத நிலையில்தான் இருக்கும், பார்க்க இயலுமா?' என்று கேளுங்கள். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்புரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குத் தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் கடைசி நாள் மட்டும் கொடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்; பிறர் சீரான இடைவெளிகளில் வைத்த கெடுவுக்கு உட்பட்டவர்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்கள். கெடுவை நெறியாளரின் கையில் கொடுப்பதில் தாழ்வு எதுவும் இல்லை. எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவரும் அந்தப் பொய்யின் சுமையும் உங்கள் மேசையிலிருந்து இறங்கிவிடும்.

கேள்வி: அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் உள்ள நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் 'இந்த முறை முடித்துவிட வேண்டும்' என்று போகிறேன், முடிக்காமலே திரும்புகிறேன். அம்மா கேட்கும்போது கோபம்தான் வருகிறது.
— தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: உங்கள் வேலையில் இரண்டு தடைகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன என்று தோன்றுகிறது. ஒன்று, எங்கே தொடங்குவது என்ற தெளிவின்மை. மற்றொன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்து, அவர் பெயர் இருந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதக் கேட்பது எளிய செயல் அன்று. அம்மாவின் மேல் வரும் கோபத்தில் அந்தத் துயரமும் கலந்திருக்கலாம்.

முதல் தடைக்கு வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், அதைக் காட்டி வாங்கும் வாரிசுச் சான்றிதழ், அவற்றுடன் பட்டா மாறுதல் விண்ணப்பம் என்பதே வரிசை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்; கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் வழங்குவார். வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுவதற்கும், பாகப்பிரிவினை செய்து தனித்தனியாகப் பிரிப்பதற்கும் வேறுபாடு உண்டு. எது வேண்டும் என்று உடன்பிறந்தவர்களிடம் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை நினைத்தே பலர் முதல் காகிதத்தைக்கூட எடுப்பதில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழ் எப்படியும் தேவை. அதை வாங்குவதற்குப் பாகப்பிரிவினை முடிவு தேவையில்லை. எனவே அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டே தொடங்கலாம்.

ஊருக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதையும் விட்டுவிடுங்கள். இப்படி ஒரு வாக்கியத்தை எழுதி வையுங்கள்: 'சனிக்கிழமை காலை காப்பி குடித்து முடித்ததும், பீரோவைத் திறந்து, இறப்புச் சான்றிதழையும் வாரிசுகள் எல்லோருடைய ஆதார் நகல்களையும் ஒரே உறையில் போடுவேன்.' காகிதம் அம்மாவிடம் இருந்தால், அதே நேரத்தில் அவருக்குத் தொலைபேசியில் பேசி, எடுத்து வைக்கச் சொல்வதே முதல் வேலை. எப்போது, எங்கே, எந்தச் செயலுக்கு அடுத்ததாக என்று இப்படி முன்கூட்டியே தீர்மானிப்பதன் பயனைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். 1997இல் அவர் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டருடன் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்கப்பட்டது. எங்கே, எப்போது எழுதுவோம் என்று குறித்துக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் குறித்த காலத்தில் முடித்தார்கள், குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். இருசாராருக்கும் எழுதும் எண்ணம் இருந்தது. நீங்களும் மூன்று ஆண்டுகளாக எண்ணத்தோடுதான் இருக்கிறீர்கள்; குறித்த நேரம் ஒன்றுதான் இல்லை.

உறை நிறைந்தவுடன் அன்றைய வேலை முடிந்தது. இ-சேவை மையம் வேறொரு நாளுக்கு உரியது. முடிந்தால் அன்று உடன்பிறந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்தக் காகிதங்களைத் தனியாகப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: மகன் குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்து படிக்கிறான். 'இதோ உட்காருகிறேன்' என்று சொல்லியே பகல் முழுவதும் செல்பேசியில் போகிறது. எத்தனை முறை சொல்வது?
— இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அம்மா. 'படித்தாயா?' என்ற கேள்வி வரும் ஒவ்வொரு முறையும் புத்தகத்தோடு ஒரு கசப்பும் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக, மகனுடைய ஒப்புதலோடு, இரவு படுக்கப்போகும் முன் இரண்டு ஏற்பாடுகளைச் செய்யுங்கள். செல்பேசிக்கு மின்னேற்றம் செய்யும் இடம் வேறு அறையில் இருக்கட்டும். பழைய வினாத்தாள் ஒன்று, பேனாவோடு, மேசைமேல் திறந்தபடி இருக்கட்டும். அந்தத் தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. காலையில் அவற்றில் ஐந்துக்கு மட்டும் விடை குறிப்பது போதுமான தொடக்கம். தவறிய விடையைத் தேடிப் பள்ளிப் பாடநூலைத் திறக்கும்போது படிப்பு தானாகவே தொடங்கிவிடுகிறது.

வீணான நாள்களைப் பற்றி இரவில் பேச வேண்டாம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்ச்சி படிக்கவைக்கும் என்று நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையை விட்டுவிடுவது உங்கள் மகனுக்கு உதவும்.

கேள்வி: சிறியதாகத் தொடங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் குளிக்கப் போவதுகூடத் தள்ளிப்போகிறது. முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டமில்லை. தூக்கமும் சரியில்லை.
— பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்களுக்கு மேலே சொன்ன எதையும் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டமும் தூக்கமும் இரண்டு வாரங்களுக்கு மேலாகக் குலைந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அது மருத்துவர் பார்க்க வேண்டியது, சிகிச்சையால் குறைவது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவதற்குக் கிளம்புவதே இப்போது கடினமாக இருந்தால், 14416 என்ற இலவச எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதுவும் முடியாதபோது, வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதிய நான்கு வரிகளை அப்படியே காட்டி, எண்ணை அழுத்தித் தரச் சொல்லுங்கள்.